காட்டிச் சொல்வது – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் பதினோரு வருடமாகப் பென்சில்வேனியாவில் இருக்கிறேன். சொந்த ஊர் மதுரைப் பக்கம். இரண்டு வருடம் முன்பு இங்கே ஒரு குயில்ட் கில்டில் சேர்ந்தேன். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற பெண்கள் மாதம் ஒருமுறை கூடுகிற சங்கம். பெரும்பாலும் என் அம்மா வயதுக்காரர்கள். கூட்டத்தின் கடைசி அரைமணி நேரம் ‘ஷோ அண்ட் டெல்’. அந்த மாதம் யார் எதைத் தைத்து முடித்தார்களோ அதை எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்டி, அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

அம்மா இறந்தபின் அவருடைய புடவைகளில் ஒன்பதை இங்கே கொண்டுவந்தேன். எல்லாம் சுங்குடியும் கோவை காட்டனும். அவற்றை வெட்டி ஒரு குயில்ட் தைத்து முடித்தேன். ஊரில் இருக்கும் என் சொந்த அக்காவிடம் போனில் சொன்னதும், “அம்மா புடவையில கத்திரிக்கோல் வைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

போன மாதம் அதைப் பையில் போட்டு எடுத்துப்போனேன். எனக்கு முன்னால் காட்டியவர்களின் வேலையைப் பார்த்ததும் கை வரவில்லை. என்னுடையதில் கோடுகள் கோணல், மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. பையைத் திறக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே பழைய முறையிலேயே வாழும் ஒரு கிறிஸ்தவச் சமூகம் ஆமிஷ். விஷயம் தெரிந்த ஒரு தோழி, “ஆமிஷ் பெண்கள் வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டுத்தான் தைப்பார்கள், குறையில்லாதவர் கடவுள் ஒருவர்தான் என்பதற்காக” என்று ஆறுதல் சொன்னார். எனக்கு ஆறவில்லை. கோணல் மட்டும் காரணமில்லை அக்கா. எதைச் செய்தாலும் சொல்லிக்காட்டக் கூடாது என்று அம்மா வளர்த்தார். அவர் புடவையையே சபையில் விரித்துக் கைதட்டு வாங்குவது சரியா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் அம்மா சொன்ன சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். நம் பேச்சில் ‘சொல்லிக்காட்டுவது’ என்றால் செய்த நன்மையை எடுத்துச் சொல்லி எதிரில் இருப்பவரைக் குன்றவைப்பது. சோறு போட்டதைச் சொல்லிக்காட்டுவார்கள், படிக்கவைத்ததைச் சொல்லிக்காட்டுவார்கள். அம்மா அதைத் தடுத்தது நியாயம். உங்கள் கில்டில் நடப்பது அந்த இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் போட்டது: காட்டிச் சொல்வது. அதில் யார் தலையிலும் கடன் ஏறுவதில்லை.

சில வருடம் முன்பு ஒஹையோவில் என் தங்கை வீட்டில் இருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் என்னை அப்படி ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போனார். தேவாலயத்தை ஒட்டிய கூடம், மடக்கு நாற்காலிகள், காபி. இரண்டு பெண்கள் ஒரு குயில்டின் மேல்மூலைகளைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார்கள். அவர்கள் முகம் போர்வைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. மேலே எட்டு விரல்கள், கீழே நான்கு செருப்புகள், நடுவில் போர்வை. தைத்தவர் பக்கத்தில் நின்று, துணி எங்கே வாங்கியது, எங்கே பிரித்துத் திரும்பத் தைத்தது, பாதியில் எத்தனை வருடம் கிடப்பில் கிடந்தது என்று சொன்னார். கைதட்டு வந்தது. உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “பின்பக்கம்!” பிடித்திருந்த இருவரும் நடனம் போல ஒரு சுற்றுச் சுற்றிப் போர்வையைத் திருப்பினார்கள். பாதிப்பேர் எழுந்து கிட்டே போனார்கள்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குயில்ட் மூன்று அடுக்கு. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையல் அடித்துணியில்தான் அப்பட்டமாகத் தெரியும். எங்கே கை சோர்ந்தது, எங்கே நூல் தீர்ந்து முடிச்சு போட்டது, எங்கே தையல் சீரானது என்று தைக்கத் தெரிந்தவர்கள் அதைப் படித்துவிடுகிறார்கள். ஒருவர் இன்னொருவரிடம் அந்த முடிச்சை உள்ளே இழுத்து மறைத்தது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். கைதட்டைவிட அந்தக் கேள்விக்காகத்தான் அவர்கள் கொண்டுவருகிறார்கள் என்று நான் நம்புகிறேன். நம் வீட்டில் யாராவது ரசத்தை வாயில் வைத்ததும் “என்ன போட்டே?” என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விதான்.

இனி, உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒருவர் கதை. ஹாரியட் பவர்ஸ். ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண். விடுதலைக்குப் பின் அதே மாநிலத்தில் உள்ள ஏதென்ஸ் நகருக்கு வெளியே கணவரோடும் பிள்ளைகளோடும் விவசாயம் பார்த்தவர். விவிலியக் கதைகளைப் பதினொரு கட்டங்களில், துணியில் வெட்டிய மனிதர்களும் மிருகங்களுமாக ஒரு குயில்டில் தைத்தார். 1886-இல் ஏதென்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அது தொங்கியது. அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்கார ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் தர மாட்டேன் என்றார் பவர்ஸ்.

நாலைந்து வருடத்தில் குடும்பத்துக்குப் பணமுடை. பவர்ஸ் ஜென்னி ஸ்மித்தின் வீட்டு வாசலில் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். மடியில் குயில்ட். அதைச் சுத்தமான மாவுப்பையில் போட்டு, அந்தப் பையையும் ஒரு சாக்கில் சுற்றியிருந்தார். பத்து டாலர் கேட்டார். தன்னிடம் ஐந்துதான் இருக்கிறது என்றார் ஜென்னி ஸ்மித். பவர்ஸ் வெளியே போய்க் கணவரைக் கலந்துகொண்டு திரும்பிவந்து, காலம் கஷ்டகாலம் என்று ஐந்துக்கே கொடுத்தார். கொடுக்கும்போது சும்மா கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு கட்டமாகக் காட்டி, இது ஏதேன் தோட்டம், இது காயின் ஆபேலைக் கொன்றது, இது யாக்கோபின் கனவு, இது முப்பது வெள்ளிக்காசோடு யூதாஸ் என்று விளக்கினார். ஜென்னி ஸ்மித் அதையெல்லாம் எழுதிவைத்தார். அதன் பிறகும் பவர்ஸ் பலமுறை அந்த வீட்டுக்கு வந்து தன் குயில்டைப் பார்த்துவிட்டுப் போனார். மிச்சம் விழும் வெட்டுத்துணிகளையெல்லாம் உனக்கு எடுத்துவைக்கிறேன் என்று ஜென்னி சொன்ன பிறகுதான் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் வந்ததாம்.

இன்று அந்தக் குயில்ட் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்த இன்னொன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். பாஸ்டன் குயில்டின் ஒரு கட்டத்தில் 1833 நவம்பர் 13 இரவு வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டியது இருக்கிறது. அந்த எரிகல் மழை நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை. பெரியவர்கள் சொல்லக் கேட்டு மனதில் வைத்திருந்ததை, அறுபதை நெருங்கிய வயதில் துணியில் இறக்கினார். அந்த மாதிரி எத்தனையோ குயில்டுகள் தெற்கு மாநிலங்களில் போர்த்திப் போர்த்தியே கிழிந்துபோயிருக்கும். இவருடையதை நாம் கட்டம் கட்டமாகப் புரிந்துகொள்ள முடிவதற்குக் காரணம், அவர் ஒரு கண்காட்சியில் அதைக் காட்டினார், பிறகு வாய்திறந்து சொன்னார், ஒருவர் எழுதிவைத்தார். இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் ‘தைத்தவர் பெயர் தெரியவில்லை’ என்ற அட்டையோடு எங்காவது கிடந்திருக்கும். கிடந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இன்னொன்று, பவர்ஸ் கையாலும் தைத்தார், இயந்திரத்தாலும் தைத்தார். அவர் வெட்டிய உருவங்கள் அளவெடுத்த மாதிரி இருக்காது. அதற்காக அவற்றின் முன் நிற்பவர்கள் யாரும் நகர்ந்துபோவதில்லை.

ஆமிஷ் பெண்கள் வேண்டுமென்றே தப்பு விடுவார்கள் என்ற கதையைக் குயில்ட் வரலாறு எழுதியவர்கள் பலரும் ஏற்கவில்லை. உங்கள் தோழி நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், அவரிடம் வாதாட வேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், தப்பை வேண்டுமென்றே வைக்கிறவருக்கு, தான் தப்பே செய்ய மாட்டோம் என்ற நினைப்பு முதலில் இருக்க வேண்டும். உங்கள் கோணல் வேறு வகை. குயில்டுக்கென்று விற்கும் நெருக்கமாக நெய்த துணி ஒழுங்காக நிற்கும். இருபது வருடம் துவைத்து இளகிய சுங்குடியை மூலைவாட்டில் வெட்டினால் இழுத்த இழுப்புக்கு வரும். மூலைக்கு மூலை சேராமல் போனதில் பாதி அந்தப் புடவையின் வயது. கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவராவது, வெட்டுவதற்கு முன் பின்னால் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய துணி வைத்து இஸ்திரி போட்டிருக்கலாமே என்று சொல்லிக்கொடுப்பார். பையைத் திறக்காமல் வந்ததில் நீங்கள் இழந்தது அதைத்தான்.

உங்கள் அக்காவின் கோபம் எனக்குப் புரிகிறது. அவருக்கு அந்தப் புடவை மடித்து வைத்தபடி இருந்தால்தான் அம்மா இருக்கிறார். அலபாமாவில் கீஸ் பெண்ட் என்று ஆறு வளைந்து ஓடும் ஒரு சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம் வாழும் ஊர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், கணவர் இறந்தபின் 1942-இல் அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு குயில்ட் தைத்தார். பதின்வயது மகள் அர்லோன்சியா கூட இருந்து உதவினார். அப்பாவின் நினைவாக, அவர் அன்பைப் போர்த்திக்கொள்ளவே அம்மா அதைத் தைத்தார் என்று மகள் பிற்காலத்தில் சொன்னார். பருத்திக் காட்டில் உழைத்த மனிதரின் உடுப்பு. முழங்கால் பக்கம் தேய்ந்து வெளுத்திருக்கும், பை இருந்த இடம் வெயில் படாமல் நிறம் மாறாமல் இருக்கும். அந்த ஊர்ப் பெண்கள் அதை மறைக்கவில்லை, அந்த நிறவேறுபாட்டையே வடிவமாக்கினார்கள். 2002-இல் கீஸ் பெண்ட் குயில்டுகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் ஏறின. 2006-இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் வந்தன. சுவரில் ஏறியதால்தான் அவற்றுக்கு மதிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீட்டில் கணவரின் உடுப்பில் கத்திரி வைத்தது யாருக்கும் அவமதிப்பாகப் படவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இதை அக்காவிடம் போனில் சொல்லாதீர்கள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது குயில்டை எடுத்துப்போய் அவர் கட்டிலில் விரித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் காபி போடப் போங்கள். எந்தத் துண்டு எந்தப் புடவை என்று அவரே விரல் வைத்துச் சொல்ல ஆரம்பிப்பார். உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

என் பாட்டி பழம்புடவையை நாலாக மடித்துச் சுற்றிலும் நடுவிலும் ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைகளுக்கு விரிப்பு தைப்பார். அத்தனை பேரப்பிள்ளைகளும் அதில்தான் புரண்டோம். இன்று எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஈரமும் சாணியும் துடைக்கப் போய்த் தேய்ந்து தீர்ந்தன. தைத்துக்கொண்டிருந்த பாட்டியிடம் நாங்கள் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் காட்டியதில்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை மட்டும் செய்துவிடுங்கள். குயில்ட் தைப்பவர்கள் பின்பக்கம் கீழ்மூலையில் ஒரு சிறு துணித்துண்டில் விவரம் எழுதித் தைப்பார்கள், உங்கள் கில்டிலும் பார்த்திருப்பீர்கள். துவைத்தாலும் அழியாத பேனாவால் தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் பெயர், ஊர், வருடம். அதற்கு மேல் உங்கள் அம்மாவின் பெயர், முழுப்பெயர். இடம் இருந்தால் ஒன்பது புடவைகளையும் ஒவ்வொரு வரியாக. எங்கே எடுத்தது, எதற்காக எடுத்தது, யார் எடுத்துக்கொடுத்தது. சிலவற்றுக்கு நீங்கள் அக்காவைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

பிறகு இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். “பின்பக்கம்” என்று குரல் வரும். அந்த எழுத்து என்ன என்று கேட்பார்கள். அம்மாவின் பெயரைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.