அப்பச்சியின் விளையாட்டுதான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது

கேள்வி: மறைந்த உங்கள் அப்பாவை நினைத்தால் முதலில் என்ன நினைவுக்கு வருகிறது?

அவருடைய விளையாட்டுத்தனம். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், பிள்ளைகளுக்கு அவர் ஐயா. காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் 'கலகலப்பான மனுசன்' என்பார்கள். அது சரிதான், ஆனால் அதோடு முடிந்துபோகிற ஆள் இல்லை அவர். கிராமத்தில் இருக்கும் எங்கள் பொது வீடு இன்றும் நிற்பதற்கு அவர் விளையாடிய விளையாட்டுதான் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

செட்டிநாட்டு வீடு என்றதும் ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்கும் பலருக்குத் தெரியும். பங்காளிகள் என்ற விஷயம் அவ்வளவாகத் தெரியாது. வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றி இருக்கும் அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒன்றாகப் பிரிந்திருக்கும். ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் சம்மதித்துப் பணம் போட வேண்டும். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் மலேசியாவில் இருப்பார், ஒருவர் ஏதோ பழைய கோபத்தில் போனையே எடுக்க மாட்டார். பேச்சு நின்றுபோனால் வீடு பூட்டப்படும். பூட்டிய வீட்டில் மழைநீர் இறங்கும், கரையான் ஏறும். அப்புறம் தூணும் நிலையும் கண்ணாடியும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கும். எங்கள் தெருவிலேயே அப்படிப் போன வீடுகள் உண்டு.

அப்பச்சி பங்காளிக் கூட்டம் என்று எதையும் கூட்டியதில்லை. சீட்டாட வாங்க என்றுதான் கூப்பிடுவார். ஜோடி சேர்ந்து ஆடும் துருப்பு ஆட்டம். அந்த வருடம் எந்த இருவருக்குள் பேச்சு இல்லையோ, அவர்கள் இருவரையும் ஒரே ஜோடியாக உட்கார வைத்துவிடுவார். ஜோடிக்காரனோடு பேசாமல் எத்தனை நேரம் ஆட முடியும்? பட்டாலை என்கிற கூடத்தில் ராத்திரி வெகுநேரம் வரை கூச்சல் கேட்கும். காலையில் காபி குடிக்கும்போது, போகிற போக்கில், "மேலப் பத்தி ஓடு சரிஞ்சு கிடக்கு, பார்த்தீங்களா" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். பல தடவை வேலை அதிலேயே முடிந்திருக்கிறது.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் அவர் வேறு மாதிரி. நாலு பக்கக் கூரையும் உள்முற்றத்தைப் பார்த்துச் சரிவதால் மழை பெய்தால் மூலைகளில் தண்ணீர் கொட்டும். பிடித்துவைக்க ஆத்தா, அதாவது என் அம்மா, அண்டாவும் கிடாரமும் வைப்பார். அப்பச்சி அண்டாவை நகர்த்திவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார், கடைசியில் தானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆத்தா சத்தம் போடுவார். "உன் பேரன்தான் கூப்பிட்டான்" என்று அப்பச்சி பேசக்கூடத் தெரியாத குழந்தையைக் காட்டுவார்.

பிள்ளையார் நோன்புதான் அவருக்குப் பெரிய திருநாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து, சஷ்டியும் சதயமும் கூடும் நாளில் எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் நடப்பது. புதுத்துணி நூலில் 21 இழை சேர்த்துத் திரித்த திரியை வெல்லமும் நெய்யும் சேர்த்த மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் எடுத்துக் கொடுப்பார். சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், இதைத்தான் இழை எடுப்பது என்போம். சின்னப் பிள்ளைகள் பயப்படாமல் இருப்பார்களா? அதனால் பல நாள் முன்பே அப்பச்சி ஒத்திகை வைப்பார். ஏற்றாத திரி, நிஜ மாவு. மாவு தின்னும் ஆசையில் பிள்ளைகள் ஒத்திகைக்கு மறுபடி மறுபடி வரிசையில் நிற்பார்கள், அவரும் தெரியாதது போல் கொடுத்துக்கொண்டே இருப்பார். நோன்பு அன்று மட்டும் விளையாட்டே கிடையாது. குனிந்து, குழந்தையின் கண்ணைப் பார்த்து, நிதானமாகக் கொடுப்பார். என் மகள் முதல் தடவை இழை எடுத்தபோது அழவில்லை. எப்போது சிரிக்க வைக்க வேண்டும், எப்போது கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கதை சொல்வதிலும் அப்படித்தான். எங்கள் ஐயா, அதாவது அவருடைய அப்பச்சி, பர்மாவில் மோல்மேன் ஊரில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது அரக்கான் மலைப்பாதையில் நடந்தே திரும்பினார். இந்தக் கதையில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு முதலை வரும். அடுத்த விடுமுறையில் அது இரண்டு முதலையாகும், அப்புறம் ஒரு யானையும் சேரும். பிள்ளைகள் "ஐயா, போன தடவ யானையே இல்ல!" என்று பிடித்துக்கொள்வார்கள், அதற்குத்தான் அவர் காத்திருப்பார். ஆனால் கூட நடந்தவர்கள் வழியில் காலராவில் விழுந்ததை அவர் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளை மட்டும் முகப்பில் உட்கார வைத்து, முதலை இல்லாமல், அதைச் சொல்வார்.

இதெல்லாம் தானாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கடைக் கணக்கு எழுதும் அதே நோட்டின் பின்பக்கத்தில் யார் எந்த ரயிலில் வருகிறார்கள், யாருக்குக் கந்தரப்பம் பிடிக்கும், யாருக்கு மனகோலம், புதுச் சீட்டுக்கட்டு எத்தனை வேண்டும் என்று எழுதியிருக்கும். கடையை மூடிவிட்டு வந்து, முழங்கால் வலியோடு, இதற்கெல்லாம் அலைவார். வந்தவர்களுக்கு அந்த அலைச்சல் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

அவர் மறைவுக்குப் பிறகு வந்த நோன்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள். பெரிய அண்ணன் இழை எடுத்துக் கொடுத்தார். ராத்திரி சீட்டு வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள், ஆத்தாதான் சீட்டுக்கட்டை எடுத்து வந்து நடுவில் வைத்தார். ஜோடி பிரிப்பதில் அண்ணனுக்கு இன்னும் அப்பச்சியின் சாமர்த்தியம் வரவில்லை, ஆனாலும் பேச்சு நடந்தது. மேலப் பத்திக்கு ஓடு மாற்றப் பணம் சேர்ந்துவிட்டது. பல வருடமாகப் போனை எடுக்காமல் இருந்தவர்தான் தன் பங்கை முதலில் அனுப்பினார்.