லேண்ட்சீரின் நாய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விலங்குகளை வரைந்து புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் எட்வின் லேண்ட்சீர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ‘முதிய இடையனுக்கு முதல் துக்கம் காப்பவன்’ ஓவியத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. ஓவியம் பயிலும் நண்பரோ, “நாய்க்கு மனித முகத்தை மாட்டி அழவைக்கிறார். விக்டோரியா காலத்து மலிவான உருக்கம்” என்கிறார். அப்படித்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லேண்ட்சீரின் சில படங்களுக்கு அது பொருந்தும். செல்வந்தர்களின் செல்ல நாய்களுக்கு மனிதத் தோரணை கொடுத்து நிறைய வரைந்திருக்கிறார். அவற்றை என்னாலும் ரசிக்க முடிவதில்லை. ஆனால் 1837ல் வந்த இந்தப் படம் வேறு.

நாயின் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். இறந்த இடையனின் சவப்பெட்டிப் பலகையோடு அதன் நெஞ்சு அழுந்திக் கிடக்கிறது. கால்கள் பற்றிய வேகத்தில் மேலே போர்த்திய கம்பளி இழுபட்டுச் சரிந்திருக்கிறது. பக்கத்தில் மூடிய பைபிள், மூக்குக் கண்ணாடி. துக்கம் முழுக்க அந்த உடலின் கனத்தில் இருக்கிறது. கலை விமர்சகர் ரஸ்கின் இந்தப் படத்தைக் கொண்டாடியபோது குறிப்பாகச் சொன்னவற்றில் அந்த நெஞ்சும் கால்களும் உண்டு.

உடலை அப்படி அறிந்தவர் அவர். 13 வயதிலேயே லண்டன் ராயல் அகாடமியின் ஓவியக் கண்காட்சியில் படம் வைத்தவர். ஓவியர் ஹேடனின் அறிவுரைப்படி விலங்குகளை அறுத்து, தசையும் எலும்பும் பயின்றார். 1867ல் லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்தில் வைக்கப்பட்ட தன் சிங்கச் சிலைகளுக்காக, இறந்த சிங்கத்தை ஸ்டுடியோவுக்கே வரவழைத்து, அது அழுகத் தொடங்கும்வரை வரைந்தார்.

1840ல் மனம் நொறுங்கியது. பிறகு கடைசிவரை சோர்வும் குடியும். 1872ல் குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி மனநலம் பிறழ்ந்தவர் என்று அறிவிக்கப்பட்டார். மறு ஆண்டு இறந்தார்.

அந்த இருண்ட வருடங்களில்தான், 1864ல், ‘மனிதன் நினைக்கிறான், கடவுள் முடிக்கிறார்’ வந்தது. ஆர்க்டிக்கில் காணாமல்போன ஆங்கிலக் கடற்பயணி ஃபிராங்க்ளினின் கப்பல் பயணம்தான் பின்னணி. இரண்டு பனிக்கரடிகள்: ஒன்று கப்பல் கொடியைக் கிழிக்கிறது, மற்றொன்று மனித விலா எலும்பைக் கடிக்கிறது. மனித முகம் எந்தக் கரடிக்கும் இல்லை, உருக்கமும் இல்லை. லண்டனுக்கு அருகே ராயல் ஹாலோவே கல்லூரியில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைத் தேர்வு நாட்களில் இன்றும் கொடியால் மூடிவிடுகிறார்கள். பார்த்தால் தேர்வில் தோற்றுவிடுவோம் என்று மாணவர்களுக்குப் பயம்.

நண்பருக்கு அதைக் காட்டுங்கள். என்ன சொன்னார் என்று அவசியம் எழுதுங்கள்.