அமெரிக்காவிலிருந்து ஒரு கருவி வாங்குவதற்கு இத்தனை கேள்விகள் ஏன்? ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பார்க்கும் பணியகத்தின் வேலைதான் என்ன?

என்னைப் போலவே நீங்களும் ஒரு கருவிக்குப் பணம் கட்டத் தயாராக இருந்தபோது, "இறுதிப் பாவனையாளர் யார், எதற்காக?" என்று கேட்கும் படிவம் வந்து சேர்ந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் கீழுள்ள கைத்தொழில் மற்றும் பாதுகாப்புப் பணியகம், பொதுமக்களின் தேவைக்கும் படைத்துறைத் தேவைக்கும் ஒருங்கே உதவக்கூடிய பொருட்கள் வெளிநாடு செல்வதைக் கண்காணிக்கிறது. நேரடிப் போர்த் தளபாடங்கள் பெரும்பாலும் அமெரிக்க இராசாங்கத் திணைக்களத்தின் பொறுப்பு. பணியகத்தின் கட்டுப்பாட்டுப் பொருட்களின் பட்டியலில் 0 முதல் 9 வரை பத்து வகுதிகள் உள்ளன. பொருள் எது, எந்த நாட்டுக்குப் போகிறது, யார் கையில் சேர்கிறது, எதற்குப் பயன்படப்போகிறது என்ற நான்கையும் வைத்தே உரிமம் தேவையா என்பது முடிவாகிறது. உரிமத்துக்கு விண்ணப்பிப்பது ஏற்றுமதியாளர்தான். ஆனால் அவர் எழுத வேண்டிய விபரம் நம்மிடமிருந்தே போக வேண்டும்.

நான் திருகோணமலையில் ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்பைக் கவனிப்பவன். மோட்டார் பேரிங்குகள் பழுதாகும் முன்பே சூடேறுவதைக் கண்டுபிடிக்க வெப்பப்படக் கமரா ஒன்று தேவைப்பட்டது. எங்கள் முகவரோ விநாடிக்கு 30 படம் பிடிக்கும் வகையைத் தெரிவுசெய்து, பாவனை என்ற கட்டத்தில் "பொது வேலை" என்று மட்டும் எழுதி, டொக்யாட் வீதி முகவரியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த வீதியின் பெயரே கடற்படைத் தளத்தை நினைவூட்டுவது. பாவனையைத் தெளிவாகச் சொல்லாத வாங்குநரை எச்சரிக்கை அடையாளமாகக் கொள்ளும்படி பணியகம் ஏற்றுமதியாளர்களுக்கு அறிவுறுத்தியிருப்பதால், விற்பனையாளர் அனுப்புவதை நிறுத்திவைத்தார்.

எனக்கு அது மிகவும் சுட்டது. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், இலங்கையின் வடக்கிற்குப் பற்றரியும் சீமெந்தும் யூரியாவும் போகத் தடை இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு, சாதாரணப் பொருளொன்றைச் சந்தேகத்தோடு பார்ப்பது புதிதன்று. நான் அமெரிக்காவுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் கருத வேண்டாம். பெரிய வல்லரசு தன் நலனுக்காகவே இப்பட்டியலை எழுதுகிறது என்பதை நானும் அறிவேன். ஆயினும் அன்று சோதனைச்சாவடியில் நின்றவருக்கு எதைக் கேட்பது என்றே தெரியாது; இங்கே பட்டியல் அச்சில் இருக்கிறது, என் பொருளின் குறியீட்டை நானே தேடிப் படிக்க முடிந்தது.

படித்தபோதுதான், விநாடிக்கு 9 படங்களுக்கு மேற்படாத கமராக்கள் தளர்வான பிரிவில் வருவதைக் கண்டேன். வேகமாக நகரும் இலக்கைத் தொடர்வதற்கு அந்த வேகம் போதாது. ஓரிடத்தில் நிற்கும் மோட்டாரின் சூட்டைப் பார்க்க அது தாராளமாகப் போதும். எங்களுக்குத் தேவையே இல்லாத வேகத்துக்காக முகவர் எங்களை வாரக்கணக்கில் காக்கவைத்ததை இன்னும் மன்னிக்க இயலவில்லை. கட்டளையை மாற்றி, எந்த மோட்டார், எந்தக் கட்டடம், யார் கையாளுவார் என்று ஒரு பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். கமரா வந்துவிட்டது.

ஒன்றை மட்டும் பலர் அறிவதில்லை: கட்டுப்பாடு பொருளைத் தொடர்ந்தே வரும். அதை இங்கிருந்து வேறு நாட்டுக்கு விற்பதானால் அப்போதும் அமெரிக்க விதிகளைப் பார்க்க வேண்டும். ஆகவே எங்கள் உபகரணப் பதிவேட்டில் அந்தக் கமராவின் தொடரிலக்கத்துக்கு எதிரே, கைமாற்றும் முன் என்னிடம் கேட்கவும் என்று சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன்.