ஜிபிஎஸ் நின்றால் கைபேசி கரை சேர்க்குமா?

கேள்வி: பருத்தித்துறையில இருந்து தொழிலுக்குப் போறனாங்கள். பொழுதுபட்டாப்பிறகு சில நாளில ஜிபிஎஸ் இடம் காட்டாமல் நிண்டுபோகுது. ஏவுகணை செய்மதி இல்லாமலே இலக்குக்குப் போகுதாம். அந்தக் கருவி கைபேசியிலும் இருக்குதாம். அப்ப கைபேசியை நம்பிக் கரைக்கு வரலாமோ?

பதில்: வேண்டாம். கருவி ஒரே இனம்தான். தரமும் தேவையும் வேறு.

ஏவுகணைக்குள் முடுக்கமானி மூன்று, ஜைரோஸ்கோப் மூன்று. வேகம் மாறும் வீதமான முடுக்கத்தை முன்னது அளக்கும், திரும்பிய கோணத்தைப் பின்னது சொல்லும். முடுக்கத்தை நேரத்தோடு கூட்டிக்கொண்டே வந்தால் வேகம், வேகத்தைக் கூட்டினால் தூரம். புறப்பட்ட இடம் தெரிந்தால் போதும், வெளிச் சமிக்ஞை தேவையில்லை. ஆனால் பிழையும் கூடவே கூட்டுப்படும். கைபேசி முடுக்கமானி புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால், ஒரு நிமிடத்தில் 18 மீற்றர் தவறும். பத்து நிமிடத்தில் 1.8 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்தில் 60 கிலோமீற்றருக்கு மேல். வள்ளம் ஆடுவதால் வரும் பிழை வேறு.

ஏவுகணை இந்தப் பிழைக்குத் தப்புவது அதன் வழிகாட்டல் குறுகிய நேரத்தில் முடிவதால். 1944இல் ஜேர்மனியின் வி-2 ஏவுகணையின் எஞ்சின் எரிந்தது ஏறத்தாழ ஒரு நிமிடம். கண்டம் விட்டுக் கண்டம் பாய்பவற்றில் 3 முதல் 5 நிமிடம். அதற்குள் வேகத்தையும் திசையையும் சரியாக்கி எஞ்சினை நிறுத்தினால், மிச்சத் தூரம் எறிந்த கல்லின் பாதைதான். உங்களுக்கோ இரவு முழுக்க வழி வேண்டும்.

ஜிபிஎஸ் 20,200 கிலோமீற்றர் உயரத்துச் செய்மதிகள் நான்கின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து இடத்தைக் கணிக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக அளப்பதால் பிழை வளராது. ஆனால் சமிக்ஞை மிக மெலிந்தது.

மழைமுகில் அதை மறிப்பதில்லை. நாங்கள் இருப்பது புவிகாந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். பொழுதுபட்ட பிறகு மேல்வளியில் மின்னேற்றத் துகள்கள் குமிழி குமிழியாகக் கலைந்து சமிக்ஞையைச் சிதறடிக்கும். மார்ச், செப்டெம்பர் மாதங்களை ஒட்டி இது கூடும். பெரும்பாலும் நள்ளிரவுக்குள் தணியும். மற்ற நாளிலும் நின்றால் உப்பேறிய அன்ரனா இணைப்பையும் பட்டறி முனையையும் பாருங்கள்.

நின்றவுடன் கருவியை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். செய்மதி விபரம் முழுவதையும் முதலிலிருந்து வாங்க வேண்டி வந்தால் 12.5 நிமிடம் பிடிக்கும். வானம் தெரியும் இடத்தில் விட்டு, திசையறிகருவியைப் பிடியுங்கள். கைபேசியின் காந்தம் அதைத் திருப்பும், தள்ளி வையுங்கள். ஓடும்போதே அரை மணிக்கு ஒருமுறை நேரம், இடம், திசை, வேகத்தைக் கொப்பியில் எழுதி வந்தால் கடைசி வரியிலிருந்து கணக்குப் போடலாம்: 6 நொட் வேகத்தில் அரை மணிக்கு 3 கடல்மைல். நீரோட்டத்தையும் சேருங்கள், ஒரு நொட் ஓட்டம் இரண்டு மணித்தியாலத்தில் 2 கடல்மைல் இழுத்துவிடும்.

இடத்தை வானொலியில் சொல்லும்போது 9 பாகை 49.50 கலையை 49 கலை 50 விகலை என்று வாசித்துவிடாதீர்கள். பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை; ஆகவே அது 49 கலை 30 விகலை. தேடி வருபவர் 600 மீற்றருக்கு மேல் தள்ளிப் போய்விடுவார்.