வாய்தாவுக்கு நடுவே ஒரு முழம் பூ

டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு ஊர் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் விசைப்படகில் கூலிக்குப் போன என் வீட்டுக்காரர், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு நான்கு மாதமாக அக்கரையில், இலங்கை ஜெயிலில் இருக்கிறார். வாய்தாவுக்கு மேல் வாய்தா. நான் மல்லிகை நாற்றுத் தோட்டத்தில் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் கொழுந்தன் மகள் காதுகுத்தில் ஏதோ பேச்சுக்குச் சிரித்துவிட்டேன். "புருசன் ஜெயில்ல கெடக்கான், இவளுக்குச் சிரிப்பு வேண்டிக் கெடக்கு" என்று பின்னால் ஒரு குரல். அன்றிலிருந்து சிரிப்பு வந்தாலே தப்புச் செய்ததுபோல இருக்கிறது. மல்லிகைக்குள்ளேயே வேலை, தலையில் பூ வைத்து நான்கு மாதம் ஆகிறது. சின்னவன், "ஏம்மா நீ சிரிக்கவே மாட்டேங்குற?" என்கிறான். என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

துக்கம் காக்க அவர் இறந்துவிடவில்லை. நிம்மதியாக இருக்க வீட்டிலும் இல்லை. இந்த நிலைக்கு 'தெளிவற்ற இழப்பு' என்று 1970-களில் பெயர் வைத்தார் உளவியலாளர் பாலின் பாஸ். முடிவு தெரியாததால் மனம் ராப்பகலாகக் காவல் நிற்கிறது. சிரித்த ஒரு நிமிடம், காவலை விட்டு நகர்ந்ததுபோல உறுத்துகிறது. அன்பு குறைந்ததால் வந்த சிரிப்பல்ல அது. எய்ட்ஸ் நோயில் கிடந்த துணையைக் கவனித்தவர்களை ஆராய்ந்து சூசன் ஃபோக்மன் 1997-இல் எழுதினார்: கடும் துயரத்தின் நடுவிலும் அவர்களுக்கு மகிழ்ச்சியான கணங்கள் இருந்தன, தாக்குப்பிடிக்க அவையே கைகொடுத்தன.

முதலில் கவலைக்கு ஒரு நேரம் குறியுங்கள். மாலை ஐந்தரை முதல் 20 நிமிடம், நோட்டும் பேனாவுமாக. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, நாளை செய்யக்கூடியதை (மீனவர் சங்கத்துக்குப் போன், வக்கீலிடம் வாய்தா தேதி) இடப்பக்கமும், உங்கள் கையில் இல்லாததை வலப்பக்கமும் எழுதுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், "ஐந்தரைக்குப் பார்க்கலாம்" என்று ஒரு சொல் மட்டும் குறித்துவிட்டு வேலையைத் தொடருங்கள். இதைப் படுக்கையில் செய்யக் கூடாது. பாய் விரித்தாலே கவலை வர மனம் பழகிவிடும். வாட்ஸ்அப்பில் படகுச் செய்தி பார்ப்பதும் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை போதும்.

அடுத்து, தினம் 15 நிமிடம், மனசுக்குப் பிடித்திருந்த ஏதாவது ஒன்று. பூக் கட்டலாம், சின்னவனோடு தாயம் ஆடலாம். பலரும் கடற்கரையில் போய் உட்காரச் சொல்வார்கள். அதை நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கடல்தான் இப்போது காயம். செய்வதற்கு முன்னும் பின்னும் மனசுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். மனசு வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் நடக்காது. சோர்ந்த மனதில் செயல்தான் முந்தும், உற்சாகம் பிந்தித்தான் வரும்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று வழிகளில். வேளாங்கண்ணிப் பயணம்போலப் பெரிதாகத் திட்டமிட்டுக் காசில்லாமல் கைவிடுவது. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு செய்வது. 2 மதிப்பெண் 3 ஆனதை "இதெல்லாம் ஒரு மாற்றமா" என்று தள்ளிவிடுவது. முதல் வாரத்தில் 1 ஏறினாலே நல்ல கணக்கு. ஏறவே ஏறாத வேலையை மூன்று நாளில் மாற்றிவிடுங்கள்.

ஊர் வாய்க்கு ஒரே வரியைத் தயாராக வைத்திருங்கள்: "அவுக வர்றப்ப பிள்ளைக தெம்பா இருக்கணும்ல." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், விளக்கினால் விசாரணை நீளும். பூ மட்டும் ஊருக்கு முன்னால் தொடங்க வேண்டியதில்லை. முதல் நாள் வீட்டுக்குள், விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம் வையுங்கள். உறுத்தும். எடுத்துவிடாமல் இருங்கள்; உறுத்தல் தானாக இறங்குவதை மதிப்பெண்ணில் பார்ப்பீர்கள்.

சின்னவனிடம் "நாளைக்கு வந்துருவாரு" என்று சொல்லிவிடாதீர்கள். "எப்பன்னு தெரியல, தெரிஞ்சதும் உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்" என்றால் அவன் தாங்கிக்கொள்வான்.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, எதிலுமே நாட்டமில்லாமல் போனாலோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் 14416-க்கு உடனே போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அந்த இலவசச் சேவையில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பதினைந்து நாள் கழித்து அந்த மதிப்பெண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். எந்த வேலையைக் கூட்டுவது, எதை விடுவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.