‘கேஷ்’ தமிழ்ச் சொல்லா? சொல்லின் வேர் தேடும்போது நான் பார்ப்பது

கேள்வி: ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம் ‘காசு’தான் என்கிறார்களே, உண்மையா? ஆங்கிலச் சொற்களின் பிறப்பைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் எதை நம்புவது?

பாதி உண்மை. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறந்த இடம் வேறு. கடையில் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் ‘கப்சா’ என்றால் பெட்டி. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அது பணம் வைக்கும் பெட்டியைக் குறித்தது. போகப்போக உள்ளே இருந்த பணத்துக்கே பெயராகிவிட்டது.

இன்னொரு கேஷ்தான் நம்முடையது. தென்னிந்தியாவில் புழங்கிய சிறு நாணயமான காசு, போர்ச்சுகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆயிற்று. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக் ‘கேஷ்’ ஆக்கினார்கள். நடுவில் ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் பிறகு அதே பெயரைச் சூட்டினார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்குக் கையில் எடுத்துப் பார்க்கிற சாட்சியே உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை எங்கள் தாலுகாக்கள் திருவிதாங்கூரோடும், கடைசி சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தன. திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அந்தச் செப்பு நாணயங்களில் ‘ஃபோர் கேஷ்’, ‘எய்ட் கேஷ்’ என்று ஆங்கிலத்திலேயே பொறித்திருக்கும். பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் இன்றும் ஒன்றிரண்டு அகப்படும். அந்த நாணயத்தில் இருப்பது தமிழ்க் கேஷ். ஏ.டி.எம்.மில் எடுப்பது லத்தீன் கேஷ். இரண்டையும் ஒன்றாக்கி ‘உலகத்துக்கே பணம் என்ற சொல்லைக் கொடுத்தோம்’ என்று பெருமை பேசினால், உண்மையிலேயே நாம் கொடுத்த சொல்லின் கதை காணாமல் போகிறது. அதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஓசை ஒத்துப்போனால் மட்டும் போதாது. சொல் எங்கிருந்து கிளம்பியது, யார் வாய் வழியாகப் போனது, நடுவில் எந்த வடிவத்தில் எழுதி வைத்தார்கள் என்ற வழி தெரிய வேண்டும். வழி தெரிந்தால் ஓசை கொஞ்சம் விலகியிருந்தாலும் பாதகமில்லை.

சக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மாவட்டங்களில் சக்கை என்றால் சாறு பிழிந்தபின் மிஞ்சுவது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் வந்தால் சக்கை என்பது பலாப்பழம், மலையாளத்திலும் அப்படியே. நாகர்கோவில் தாண்டி வெளியூரில் படிக்கப் போகிற பிள்ளைகள் ‘சக்கப்பழம்’ என்று சொல்லிவிட்டுக் கேலிக்கு ஆளாவது இன்றும் நடக்கிறது. கேலி செய்கிறவர்கள் ‘ஜாக்ஃப்ரூட்’ என்று சொல்லும்போது எங்கள் சக்கையைத்தான் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. 1498இல் கோழிக்கோட்டுக் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் மலையாளக் கரையில் கேட்ட சக்கையை ‘ஜாக்கா’ என்றார்கள். 1563இல் கோவாவில் அச்சான, கார்சியா த ஓர்த்தா என்ற போர்ச்சுகீசிய மருத்துவரின் மருந்துச்சரக்கு நூலிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘ஜாக்’ ஆகி, பின்னால் ‘ஃப்ரூட்’ ஒட்டிக்கொண்டது. ஜாக் என்ற துரை கண்டுபிடித்ததால் வந்த பெயர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தேக்கு ‘டீக்’ ஆனதும், வெற்றிலை ‘பீட்டல்’ ஆனதும், கொப்பரை ‘கொப்ரா’ ஆனதும் இதே போர்ச்சுகீசிய வழிதான். கயிறு ‘காயர்’ ஆனதில் மட்டும் ஒரு சின்னத் திருப்பம். எங்கள் ஊரில் தேங்காய் மட்டையான கதம்பையை அடித்து எடுக்கிற நாருக்குத் தும்பு என்று பெயர், அதை முறுக்கித் திரித்தால்தான் கயிறு. ஆங்கிலக்காரர் நாரையே காயர் என்கிறார். கப்பலேறும்போது பெயர் சரக்கின் ஒரு படி முன்னால் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. கட்டுமரத்துக்கு நடந்தது இன்னும் பெரிய மாற்றம். மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைக்கான பெயர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் ‘கட்டமரான்’ என்று நுழைந்தது. இன்று அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. அதில் கட்டும் இல்லை, பெரும்பாலும் மரமும் இல்லை.

இனி நம்பக்கூடாத வகை. ‘ஒன்’ என்பது ‘ஒன்று’தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘ஆன்’. ‘ஆன் ஆப்பிள்’ என்கிறபோது முன்னால் வருகிற ‘ஆன்’ அதே சொல்லின் தேய்ந்த வடிவம். ஜெர்மனில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’ என்று அதன் உறவுக்காரர்கள் வேறு வீட்டில் இருக்கிறார்கள். இன்றைய உச்சரிப்பு ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல். பின்னோக்கிப் போகப்போக ஒற்றுமை கூட வேண்டும், இங்கே குறைகிறது. இந்தச் சோதனை ஒன்றையே வைத்துப் பட்டியலில் பெரும்பகுதியைத் தள்ளிவிடலாம்.

‘ஜிஞ்சர்’ அதே சோதனையில் தேறுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சிஃபர்’, லத்தீனில் ‘ஜிஞ்ஜிபெர்’, கிரேக்கத்தில் ‘ஜிங்கிபெரிஸ்’, பாலி மொழியில் ‘சிங்கிவேர’. பின்னால் போகப்போக நம் இஞ்சிவேர் துலங்குகிறது. சமஸ்கிருதத்தில் அதைச் ‘சிருங்கவேர’ என்று ஆக்கி, கொம்பு போன்ற உடல் என்று பொருளும் சொல்லிவிட்டார்கள். அயல் சொல்லைத் தன் மொழிச் சொல்லாகக் கேட்டுப் பொருள் கற்பிப்பது நாம் மட்டும் செய்கிற வேலை இல்லை, எல்லா மொழியிலும் நடந்திருக்கிறது.

வழக்கொழிந்த சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு அவைதான் அதிகப் பிரியம். வளைகுடாவுக்குப் போகிற ஆள் இல்லாத தெரு எங்கள் மாவட்டத்தில் குறைவு, அதனால் வீட்டுக்கு வீடு பாஸ்போர்ட் இருக்கும். குடியரசுத் தலைவரின் பெயரால் உள்ளே அச்சிட்டிருக்கும் வேண்டுகோளைப் படித்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவரை ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ போக விட வேண்டும் என்று இருக்கும். ‘லெட்’ என்றால் அனுமதி அல்லவா, அனுமதி இல்லாமல் போக விடுவதா? இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘லாத்தன்’ என்றால் விடு, ‘லெத்தன்’ என்றால் தடு. காலப்போக்கில் இரண்டும் ‘லெட்’ என்று ஒரே உருவத்துக்கு வந்தன. எதிரெதிர்ப் பொருளை ஒரே சொல் எத்தனை நாள் சுமக்கும்? தடுக்கிற லெட் மெல்ல வழக்கொழிந்தது. ஆனாலும் சட்ட மொழியில் ஒட்டிக்கொண்டு நம் பாஸ்போர்ட் வரை வந்துவிட்டது. டென்னிஸில் சர்வ் போட்ட பந்து வலையில் உரசிக் கட்டத்துக்குள் விழுந்தால் நடுவர் சொல்கிற ‘லெட்’டும் அதே தடைதான்.

எங்கள் பாட்டா வைத்திருந்த ஆங்கில வேதாகமம் 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் மறு அச்சு. அதில் பவுல், ரோமாபுரிக்கு வர நினைத்தும் இதுவரை ‘லெட்’ ஆகிவிட்டது என்கிறார். பக்கத்தில் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் ‘தடை’ என்று தெளிவாக இருக்கும். ஆதியாகமத்தில் செடிகளையும் கனிகளையும் மனிதனுக்கு ‘மீட்’ ஆகக் கொடுத்ததாக வரும். தமிழில் ‘ஆகாரம்’. அன்றைக்கு ‘மீட்’ என்றால் எந்த உணவும்தான், இறைச்சி மட்டும் என்று சுருங்கியது பிறகு. சபைக்குப் போகிற வீடுகளில் இரண்டு வேதாகமமும் இருக்கும். வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களுக்கு அதைவிட நல்ல அகராதி நான் பார்த்ததில்லை.

‘லேஸ்’ இன்னொன்று. நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், பிறகு முளகுமூடு வரை அந்தத் தொழில் வேரூன்றியது. சொல்லின் மூலம் லத்தீனில் ‘லக்கேயுஸ்’, பொருள் சுருக்குக் கண்ணி. கண்ணியிலிருந்து கயிறு, கயிற்றிலிருந்து நூல் பின்னல். கயிறு என்ற பழைய பொருள் ஷூ லேஸில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நம் மொழியிலும் இது நடந்ததுதான். ‘கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் பாடிய காலத்தில் நாறுதல் நல்ல மணம். இன்று தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ நாறுகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆங்கில ‘ஸ்டிங்க்’ கதையும் அச்சு அசல் இதுவே: பழைய ஆங்கிலத்தில் எந்த மணம் வீசினாலும் அந்த வினைதான். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை, இரண்டு மொழிகள் தனித்தனியே ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. எனக்கு இது கடன் சொற்களைவிடப் பெரிய ஆச்சரியம்.

நீங்களே சரிபார்க்க விரும்பினால் யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற, ஆங்கிலத்தில் புழங்கிய இந்தியச் சொற்களின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பர்னெல் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர், தென்னிந்திய மொழிகள் தெரிந்தவர். சில முடிவுகளைப் பிற்கால ஆய்வுகள் திருத்தியிருக்கின்றன, அதனால் ஒரு புதிய அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஜாக்’ என்ற பதிவிலிருந்து தொடங்குவது நல்லது: பலாவைப் பார்த்த பயணிகள் எழுதிய வரிகளை ஆண்டு வாரியாக அடுக்கியிருக்கிறார்கள், சொல் மாறி வந்த வழி அதிலேயே தெரியும்.