முன்தேதி போட்ட பத்திரம்

கேள்வி: திருப்பூருக்கு வேலைக்குப் போன என் கணவர் அங்கே ஒரு கோயிலில் வேறொரு பெண்ணுக்குத் தாலி கட்டிவிட்டார். “ஆறு பவுன் வாங்கிக்கிட்டுத் தீர்த்து எழுதிக் கொடு, முருகனுக்கே ரெண்டு பொண்டாட்டி” என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். மகளிர் காவல் நிலையத்தில் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
- ஒரு வாசகி, உசிலம்பட்டி பக்கம்

பதில்: போடாதீர்கள், தாயீ.

அந்தப் பத்திரத்தில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது தாலிக்கு முந்தைய தேதியாகத்தான் இருக்கும். கோர்ட்டுக்குப் போகாமல் ஊர் வழக்கப்படி கல்யாணத்தை அறுத்துவிடுவதை இந்து திருமணச் சட்டம் சில சமூகங்களுக்கு ஏற்கிறது. அதைக் காட்டி, ‘அப்போதே தீர்த்துவிட்டோம்’ என்று சொல்வதற்குத்தான் உங்கள் கையெழுத்து. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவில் இருதார மணத்துக்கு ஏழு ஆண்டு வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்துக் கட்டியிருந்தால் பத்து. ஆறு பவுன் எதற்கு விலை என்று புரிகிறதா?

முருகன் கதைக்கு வருவோம். அவர் தெய்வானையைக் கட்டிய திருப்பரங்குன்றம் நமக்குப் பக்கம்தான்; வள்ளியைக் கட்டியது திருத்தணி என்பார்கள். அதே திருத்தணியில், மனைவி இருக்கும்போதே 1984இல் இன்னொரு தாலி கட்டினார் ஒருவர். அக்கினியைச் சுற்றி ஏழடி வைக்கவில்லை, ஆகவே அது கல்யாணமே இல்லை என்பது அவர் தரப்பு வாதம். இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி உற்றார் உறவினர் முன்னால் தாலி கட்டினாலே போதும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. முருகன் மேல் கேஸ் போட ஆளில்லை; உங்கள் கணவர் மேல் போட நீங்கள் இருக்கிறீர்கள்.

போலீஸ் சொன்னது பாதி சரி. இந்தக் குற்றத்தில் அவர்கள் நேராக வழக்குப் பதிய முடியாது. மாஜிஸ்திரேட்டிடம் நீங்களே புகார் கொடுக்க வேண்டும். உங்களுக்காகப் பெற்றோரோ உடன்பிறந்தவர்களோகூடக் கொடுக்கலாம். ஆனால் அடி, சித்திரவதை என்று இருந்தால் அது அதே சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு. அதற்குக் ‘கோர்ட்டுக்குப் போ’ என்று அனுப்பக்கூடாது.

வழக்கு தோற்பது பெரும்பாலும் சாட்சியில்தான். அவர்கள் குழந்தையின் பிறப்புச் சான்றிதழோ, ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பதோ போதாது. உங்கள் கணவரே ஒப்புக்கொண்டாலும் போதாது. தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்தவர் வேண்டும். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, யாராவது செல்லில் எடுத்த வீடியோ, கோயில் ரசீது எல்லாவற்றையும் இப்போதே தேடுங்கள். மொய் நோட்டு எழுதினார்கள் என்றால் இன்னும் நல்லது, வந்தவர் பெயரெல்லாம் அதில் இருக்கும்.

அந்தப் பெண்ணோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஏமாந்து கட்டிக்கொண்டிருந்தால் அவரும் புகார் கொடுக்கலாம். அவர் குழந்தைக்குத் தகப்பன் சொத்தில் பங்கும் உண்டு. ஆனால் சட்டப்படி மனைவி நீங்கள் மட்டும்தான்.

சரி, இப்போதைக்குச் சாப்பாட்டுக்கு? கணவன் இன்னொருத்தியைக் கட்டினான் என்பதே, அவனோடு வாழ மறுத்து ஜீவனாம்சம் கேட்கப் போதுமான காரணம். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் கேட்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

அப்புறம் அந்த ஆறு பவுன். கல்யாணத்தில் உங்கள் வீட்டில் உங்களுக்குப் போட்டது எத்தனை பவுன், இப்போது எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்று அந்தப் பெரியவர்களிடமே கேளுங்கள். அது முழுக்க உங்களுடையது.